பெரியவர்களுக்கு டான்சில் அறுவை: குறட்டைக்கு அப்பால்

ஊரே கேட்கும் குறட்டை திடீரென நின்றுபோகிறது. கூடவே மூச்சும். சில விநாடிகள் கழித்து, திணறலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பதறி எழுவார். தூக்க மூச்சுத்தடை என்பது இதுதான். மூச்சு குறைந்தபட்சம் 10 விநாடி நிற்பதும் வெகுவாகக் குறைவதும் கணக்கில் வரும். மணிக்கு 30 முறை ஆனாலே நோய் கடுமை.

முகமூடி வழியாக அழுத்தமான காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியே முதன்மைச் சிகிச்சை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரவெல்லாம் முகமூடியோடு தூங்கப் பலரால் முடிவதில்லை.

இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு டான்சிலையும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டையும் எடுத்துவிடுவது வழக்கம். பெரியவர்களுக்கோ உடல் பருமன், சிறிய தாடை, பின்னோக்கிச் சரியும் நாக்கு என்று காரணங்கள் பல. அதனால் அடைப்புக்கு டான்சில்தான் காரணமா என்றறிய, வாயைத் திறந்து அதன் அளவைப் பார்ப்பது முக்கியம். மருத்துவர்கள் அதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். நான்காம் தரத்தில் இரு டான்சில்களும் நடுத்தொண்டையில் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கும்.

டான்சில் பெரிதாக இருப்பவர்களுக்கு அதை மட்டும் எடுத்தால் போதுமா, மேலண்ணத்தையும் உள்நாக்கையும் சேர்த்துச் சீரமைக்க வேண்டுமா? ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் 93 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. டான்சிலை மட்டும் எடுத்தவர்களுக்கு மூச்சுத்தடை ஆறு மாதத்தில் மணிக்குச் சராசரி 56.9இலிருந்து 24.7ஆக இறங்கியது. பெரிய அறுவை செய்துகொண்டவர்களுக்கு 51இலிருந்து 28. கூடுதலாக வெட்டியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

டான்சிலை மட்டும் எடுத்தவர்களுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது பெரிய நிம்மதிதான். ஆனாலும் 24.7 என்பது இன்னும் நடுத்தர நோய். தொடக்கத்திலேயே நோய் மிதமாக இருப்பவர்களுக்கு முழுக் குணம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை 2016இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது.

அறுவைக்குப் பிறகு பெரியவர்களுக்கு வலி குழந்தைகளைவிடக் கடுமை. இரண்டு வாரம்கூட நீடிக்கும். புண்ணின் பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள் ரத்தம் கசியலாம். கசிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறட்டை அடங்கியதை வைத்து நோய் போய்விட்டதாக எண்ணி சிபாப்பைக் கழற்றி வைப்பது ஆபத்து. புண் ஆறிச் சில மாதங்களில் தூக்கப் பரிசோதனையை மறுபடி செய்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் அடுத்ததை முடிவு செய்வார்.