வாசலில் கிடக்கும் உப்பு மூட்டை

வணிகப் பெருமக்களே!

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பரீட்சை வருது. மூளைக்கு நல்லதா ஏதாச்சும் டப்பா இருந்தா குடுங்க" என்று கேட்டு வரும் தாய்மார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாமும் கண்ணாடி அலமாரியைத் திறந்து, விலை கூடிய டப்பாவைத் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையின் மூளைக்கு மிக அவசியமான ஒரு சரக்கு நம் கடை வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அதுதான் உப்பு மூட்டை!

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் வேலை செய்கிறது. அது சுரக்கும் ஹார்மோன் இல்லாமல் கருவிலிருக்கும் குழந்தையின் மூளை சரிவர வளராது. ஆகவே பிள்ளைக்கான கவனிப்பு, தாய் கருவுற்ற நாளிலேயே தொடங்க வேண்டும். அப்போது விட்ட குறையைப் பிறகு எந்த டப்பாவாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு உலகெங்கும் முதன்மையான காரணம் அயோடின் குறைவே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கடைக்கு வந்த உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க 2006 மே 17 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது.

"கடல் உப்பில் இல்லாத அயோடினா?" என்று சிலர் கேட்பார்கள். கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் காய்ந்து விளையும் உப்பில் போதிய அளவு தங்குவதில்லை. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அப்படியிருந்தும் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். மாநிலங்களில் கடைசி இடம் நமக்கு! தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்துக்கொண்டு இந்த நிலை நமக்குப் பெருமையா?

இதில் நம் பங்கு என்ன? ஈரம், வெயில், சூடு மூன்றும் அயோடினைக் குறைத்துவிடும். 'உப்பை யார் திருடப் போகிறார்கள்' என்று வாசலில் போட்டு வைப்பது நம் பழைய வழக்கம். அதை மாற்ற வேண்டும்.

1. மூட்டையைக் கடைக்குள், பலகை மேல், சுவரில் படாமல் அடுக்குங்கள்.

2. முதலில் வந்ததை முதலில் விற்றுத் தீருங்கள். தேதி பார்த்து வாங்குங்கள்.

3. கல் உப்பு கேட்பவருக்கு அயோடின் சேர்த்த கல் உப்பையே கொடுங்கள். கருவாடு, தோல், கால்நடை உபயோகத்துக்கான உப்பைத் தனியே எழுதி வையுங்கள்.

4. பில் இல்லாமல் உப்பு வாங்காதீர்கள். அதிகாரி மாதிரி எடுத்தால் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட அந்தத் துண்டுக் காகிதம்தான் துணை.

5. மூடியுள்ள டப்பாவில் வைக்கவும், அடுப்பிலிருந்து இறக்கும்போது உப்புப் போடவும் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நல்ல உப்பு என்பதற்காக அள்ளிப் போடச் சொல்லவில்லை. பெரியவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உணவில் உப்பே சேர்க்க வேண்டாம். தாய் அளவோடு நல்ல உப்பைச் சாப்பிட்டால், தாய்ப்பால் வழியே அயோடின் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

உப்பில் நமக்கு நிற்கும் லாபம் சில காசுகள்தான். கடையிலேயே மலிவான சரக்கு என்று அதை ஒதுக்கி வைத்தோம். நம் தெருப் பிள்ளைகளின் படிப்பும் அந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று அறிந்த பிறகும் அதை வாசலில் விடலாமா? நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக உப்பு மூட்டையை உள்ளே எடுத்து வைப்போம்!