காத்திருப்பின் கணக்கு – 9: கிலோவுக்கு இரண்டு பவுன்

உள்நாட்டு விமானம் தாமதமானால் இந்திய விதிகள் பயணிக்குத் தருவது சாப்பாடு. பணம் தருவது, விமானம் ரத்தானால் அல்லது டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தால் மட்டுமே. சென்ற இதழ் முழுக்க இதுதான் என்பதால் மறுபடி விரிக்க வேண்டியதில்லை. பறக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் சிற்றுண்டி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம். 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு எட்டுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையே கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ ஓட்டல் அறை. அவ்வளவுதான்.

ரத்துக்கான தொகை பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. கொல்கத்தாவிலிருந்து பாக்டோக்ரா இரண்டாம் வகையில் வரும். காளிகாட், லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் போய்வரும் சென்னை மூன்றாம் வகை. ஆனால் விதியில் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தத் தொகை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். அடிப்படைக் கட்டணம் 3,200 ரூபாய் என்றால், எரிபொருள் கட்டணம் தனியாக இல்லாதபோது, சென்னை விமானம் ரத்தானதற்கு 3,200தான். பத்தாயிரம் என்று பத்திரிகைகள் போடுவது உச்சவரம்பை.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. இந்த விதிகளை 2010 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொகைகளை 2016 ஆகஸ்டில் கூட்டியது. ரத்துச் செய்தியை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. மாற்று விமானமோ கட்டணமோ தந்தால் போதும். இரண்டு வாரத்துக்குள், ஆனால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை சொன்னால், பழைய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். இப்படி முன்கூட்டியே சொல்லாவிட்டால்தான் இழப்பீடு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பதிவில் சரியான தொடர்பு எண் இல்லாவிட்டால் இழப்பீடு கிடையாது என்கிறது விதி. டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு தன் கைபேசி எண்ணையே போட்டிருப்பார். ரத்துச் செய்தி அவருக்குப் போகும். பயணி டம்டம் விமான நிலையத்தில் வரிசையில் நிற்பார். டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள பத்து இலக்கங்களை.

நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. வெள்ளம், இயற்கைப் பேரிடர், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு, வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று பட்டியல் நீளும். 2024 மே 26 நண்பகலில் ரெமால் புயலுக்காகக் கொல்கத்தா விமான நிலையம் 21 மணி நேரம் மூடப்பட்டது. அன்று ரத்தான விமானங்களுக்கு டிக்கெட் பணம் திரும்பும். அதற்கு மேல் கேட்க வழியில்லை.

மூடுபனி அதே வகை என்றாலும் அதில் ஒரு நுட்பம் உண்டு. 2007 டிசம்பர் 14 அன்று டெல்லியிலிருந்து ஹைதராபாத் போக வேண்டிய இண்டிகோ விமானத்தின் பயணி ஒருவர், பனியால் ஏறத்தாழ பதினொரு மணி நேரம் தாமதமானதாக வழக்குப் போட்டார். ஹைதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய் இழப்பீடும் இரண்டாயிரம் செலவுத் தொகையும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 4இல் அதை ரத்து செய்தது. பனி யார் கையிலும் இல்லை. ஆனால் உட்கார வைக்கப்பட்ட பயணிக்குச் சோறும் தண்ணீரும் ஓய்வும் தருவது, காரணம் எதுவானாலும், நிறுவனத்தின் கடமை என்பதே தீர்ப்பின் சாரம். இதற்கு நேர்மாறாக ரயிலில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். அஜ்மீர்–ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு, டாக்சிச் செலவு 15,000, தங்குமிட முன்பதிவு நஷ்டம் 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் 5,000 என்று ரயில்வே தர வேண்டியதை 2021 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பதினொரு மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை, நான்கு மணி நேரத்துக்கு முப்பதாயிரம்! விமான நிறுவனம் காரணத்தைக் காட்டியது. ரயில்வே எந்தக் காரணத்தையும் நிரூபிக்கவில்லை. எத்தனை மணி நேரம் என்பதைவிட, காரணத்தை யார் நிரூபிக்க வேண்டும் என்பதே இந்த வழக்குகளின் உயிர்நிலை.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது இதே கேள்வி வேறு உருவில் வந்தது. விமானிகளின் பணிநேரத்தைக் குறைக்கும் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1இல் அமலானது. அதற்கேற்ப விமானிகள் பட்டியல் இல்லை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. அரசு உத்தரவால் வந்த இடர் என்று வாதிட இடம் இருந்தது. வலுவில்லாத இடம், ஏனென்றால் விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. நிறுவனமும் அந்த வழிக்குப் போகவில்லை. 24 மணி நேரத்துக்குள் ரத்தான விமானங்களுக்கு 5,000 முதல் 10,000 வரை விதிப்படி தருவதாகவும், டிசம்பர் 3, 4, 5 தேதிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் ரூபாய் மதிப்புள்ள பயணக் கூப்பன் தருவதாகவும் அறிவித்தது. கூப்பன் என்பது அதே நிறுவனத்தில் மறுபடி பறப்பதற்கான பணம் என்பதைக் கவனிக்க வேண்டும். விதிப்படியான தொகைக்குப் பதிலாக அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கொல்கத்தாவிலிருந்து பாங்காக், சிங்கப்பூர், துபாய், தோஹா போகிறவர்களுக்கு நிலைமை வேறு. வெளிநாட்டுப் பயணத்தில் தாமதத்துக்கே பணம் கேட்கலாம். 1999 மே 28இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்துக்கு அது மூன்றாம் அட்டவணையானது. அதன் 19ஆம் விதிப்படி தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு. தாமதத்தைத் தவிர்க்க எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தேன் என்று நிரூபித்தால்தான் அது தப்ப முடியும். பயணி தன் நஷ்டத்தை ரசீதுடன் காட்ட வேண்டும். உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர்.; ரூபாயில் ஏழு லட்சத்தைத் தாண்டும்.

எஸ்.டி.ஆர். எந்த நாட்டுப் பணமும் இல்லை; யாருடைய பையிலும் இருக்காது. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் கலந்து சர்வதேச நிதியம் அன்றாடம் மதிப்பிடும் கணக்கு அலகு அது. விமான இழப்பீடு இப்படியொரு கற்பனைப் பணத்தில் எழுதப்பட்டதற்குப் பின்னால் தங்கத்தின் கதை இருக்கிறது. இந்த வாரத்துப் பக்கங்களில் பாதியை அது தின்றாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மான்ட்ரியலுக்கு முன்னோடி 1929 அக்டோபர் 12இல் வார்சாவில் கையெழுத்தான உடன்படிக்கை. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் சரிந்ததைப் பார்த்தவர்கள் அதை எழுதினார்கள். காகிதத்தை நம்பத் தயாராக இல்லை. பிரெஞ்சுப் பிரதமர் புவான்காரே 1928இல் ஃபிராங்கைத் தங்கத்தோடு கட்டியிருந்தார். அதையே எடுத்துக்கொண்டு, ஒரு ஃபிராங்க் என்பது ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் மாற்றுள்ள அறுபத்தைந்தரை மில்லிகிராம் தங்கம் என்று உடன்படிக்கையிலேயே எழுதி வைத்தார்கள். பெட்டி தொலைந்தாலோ தாமதமானாலோ உச்சவரம்பு கிலோவுக்கு 250 ஃபிராங்க். ஒரு பயணிக்கு 1,25,000 ஃபிராங்க்.

பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 250 ஃபிராங்க் என்றால் 16.375 கிராம் தங்கம். கிலோவுக்கு இரண்டு பவுனுக்கும் சற்று மேல். மாற்று 900 என்பது இன்றைய 916 நகைத் தங்கத்துக்கு ஒரு நூல் கீழே. இருபது கிலோ பெட்டிக்கு உச்சவரம்பு 327.5 கிராம், நாற்பது பவுனுக்கு மேல். ஒரு பயணிக்கு எட்டு கிலோவைத் தாண்டும், ஆயிரம் பவுன்! 1955இல் ஹேக் நகரில் திருத்தியபோது பயணிக்கான தொகையை இரண்டு மடங்காக்கினார்கள். வார்சா முதல் அட்டவணையாகவும் ஹேக் இரண்டாம் அட்டவணையாகவும் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றன. உள்ளே நாலு பருத்திப் புடவையும் ஒரு டப்பா முறுக்கும் இருந்தாலும் பெட்டியின் எடைதான் வரம்பைத் தீர்மானிக்கும்.

தங்கத்துக்கு அரசு விலை இருந்தவரை இது சிக்கலில்லை. 1978இல் அந்த ஏற்பாடு உலக அளவில் முடிவுக்கு வந்ததும் வழக்கு பிறந்தது. 1979 மார்ச்சில் ஃபிராங்க்ளின் மின்ட் என்ற நாணய நிறுவனம் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு டி.டபிள்யூ.ஏ. விமானத்தில் அனுப்பிய நான்கு பொதிகள் தொலைந்தன. எடை 714 ராத்தல். கேட்டது இரண்டரை லட்சம் டாலர். தங்கத்தைச் சந்தை விலையில் கணக்கிட வேண்டும் என்றது நாணய நிறுவனம். கடைசி அரசு விலையில் என்றது விமான நிறுவனம். 1984 ஏப்ரல் 17இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விமான நிறுவனத்தின் பக்கம் நின்று, ராத்தலுக்கு 9.07 டாலர் என்று முடித்தது. ஆக 6,475 டாலர் 98 சென்ட். நாணயம் செய்கிறவனே தங்கக் கணக்கில் தோற்றான்! தங்கத்தை விட்டு எஸ்.டி.ஆர்.க்கு மாறும் வேலை 1975லேயே மான்ட்ரியல் நெறிமுறைகளில் தொடங்கியிருந்தது. 1999 உடன்படிக்கை அதை முழுமையாக்கியது. எடைக் கணக்கும் பயணிகளின் பெட்டிக்கு ஒழிந்தது. இப்போது பெட்டி எவ்வளவு கனத்தாலும் ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரைதான். சேதமான பெட்டிக்கு ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும்.

இனி, வழக்கை எங்கே போடுவது. மான்ட்ரியல் தரும் இடங்களில் ஒன்று சேருமிடம். கொல்கத்தா–பாங்காக்–கொல்கத்தா என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தவருக்குச் சட்டப்படி சேருமிடம் கொல்கத்தாதான். உள்நாட்டுப் பயணத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் எளிது; 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள அந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே மனுத் தர அனுமதிக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் காளிகாட்டில் குடியிருப்பவர் கொல்கத்தா மாவட்ட ஆணையத்தை விட்டு நகர வேண்டியதில்லை. ஆணையத்தின் அதிகார வரம்பைத் தீர்மானிப்பது கேட்கும் தொகை அல்ல, கொடுத்த கட்டணம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு மனுக் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மேல்முறையீடு மிர்ஸா காலிப் தெருவிலுள்ள மாநில ஆணையத்துக்கு.

வீட்டு வாசலிலேயே வழக்குப் போடலாம் என்பதால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. 2017 ஜனவரி 8 அன்று கொல்கத்தாவிலிருந்து அகர்தலா போக வேண்டிய ஒரு குடும்பம், போர்டிங் பாஸ் வாங்கிய பிறகும் விமானத்தைத் தவறவிட்டது. தங்களைத் தேடி அழைத்திருக்க வேண்டும் என்று மேற்கு திரிபுரா மாவட்ட மன்றத்தில் வழக்குப் போட்டு வென்றது. இண்டிகோ உச்ச நீதிமன்றம் வரை போனது. போர்டிங் பாஸ் கொடுத்தபின், புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பு கேட்டில் நிற்பது பயணியின் பொறுப்பு. கையைப் பிடித்து அழைத்துப்போகும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்று 2020 ஜனவரி 28இல் தீர்ப்பு வந்தது. சாலை நெரிசலும் இதே கணக்கில்தான் போகும். 2025 ஆகஸ்ட் முதல் காளிகாட்டில் மெட்ரோ ஏறி நோவாபாராவில் மாறினால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். காளிகாட் நிலையம் திறந்தது 1986இல். இந்தத் தாமதத்துக்கு எந்த அட்டவணையிலும் இழப்பீடு இல்லை.

ஆணையத்தின் முன் பேசுவது காகிதம். ரத்துச் செய்தி வந்த குறுஞ்செய்தியை, வந்த நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பாக எடுத்து வைக்க வேண்டும். விமானம் ஏன் பறக்கவில்லை என்று நிறுவனத்திடம் அன்றே கவுன்டரில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மறுநாள் பனி என்று சொல்லப்படும் காரணம் முந்தைய நாள் விமானி இல்லை என்றிருந்தால், வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும். அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும், அதன்பின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் மின்னஞ்சல். பிறகு ஏர்சேவா தளம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். டி.ஜி.சி.ஏ. விதியை எழுதும், நிறுவனத்துக்கு அபராதம் போடும். தனி ஒருவரின் இழப்பீட்டைத் தீர்த்துவைக்காது.

இந்த வாரம் வருவதாக அறிவித்திருந்த மனுவின் மாதிரி வாசகமும், 2025 ஜனவரி 1 முதல் இ–தாகில் தளத்தின் இடத்தைப் பிடித்திருக்கும் இ–ஜாக்ரிதியில் அதைப் பதிவேற்றும் முறையும், தங்கம் இடத்தை அடைத்துக்கொண்டதால், அடுத்த இதழில்.