தீட்டா அலைகள்: மூளை சொல்லும் செய்தி



கீழப்பழுவூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வலிப்புக்காக வருகிறவர்களில் பலருக்கு இ.இ.ஜி. என்னும் மூளை அலைப் பதிவு தேவைப்படுகிறது. அப்போது எழும் முதல் கேள்வி, "தலையில் கரண்டு வைப்பார்களா?" என்பதே. பதிவு முடிந்தபின், "தீட்டா அலைகள் தெரிகின்றன" என்று மருத்துவர் சொன்னால் கலக்கம் இன்னும் கூடுகிறது. சிலருடைய காதில் அது "தீட்டு" என்றே விழுகிறது. ஆகவே இம்முறை இதைப் பற்றி விளக்கமாக எழுதுகிறோம்.

தீட்டா என்பது கிரேக்க மொழியின் எட்டாவது எழுத்து. புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் தேவனைக் குறிக்கும் "தேயோஸ்" என்ற சொல் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. தீட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மிக நுண்ணிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. இலட்சக்கணக்கான அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது, அதன் சாயல் தலையின் மேல்தோல் வரை எட்டுகிறது. அதன் அளவு ஒரு டார்ச் லைட் பேட்டரியின் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இ.இ.ஜி. கருவி இதை வாங்கிப் பெரிதாக்கி வரைகிறது. தலைக்குள் எதையும் செலுத்துவதில்லை. வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போல, இதுவும் கேட்கும் கருவி மட்டுமே.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-ல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். ஒரு நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் அலை ஆல்ஃபா, அதைவிட வேகமானது பீட்டா, 4-க்கும் குறைவானது டெல்டா. இடையில் 4 முதல் 8 வரை எழும் அலைக்குத் தீட்டா என்ற பெயரை 1944-ல் கிரே வால்டரும் அவருடைய உடன் ஊழியரும் இங்கிலாந்தில் வழங்கினார்கள்.

இந்த அலை நோயா, நலமா? அது எப்போது, யாருக்கு, மூளையின் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது மிகுதியாக இருப்பது இயற்கை. பெரியவர்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது இது தோன்றும். பிரசங்க வேளையில் கண் அயருகிற அன்பருக்கு இ.இ.ஜி. எடுத்தால் தீட்டா தெரியும்!

ஆனால் தீட்டா சோம்பலின் அடையாளம் மட்டுமல்ல. மனக்கணக்குப் போடும்போதும், ஒன்றை நினைவில் நிறுத்திக்கொண்டு சிந்திக்கும்போதும், நெற்றியின் நடுப்பகுதியில் தீட்டா எழுவதுண்டு. நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மூளையின் உட்புறத்தில், கடற்குதிரையின் வடிவில் இருக்கிறது. எலி நடமாடும்போது அங்கே தீட்டா தாளம் ஓடுகிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கிற அணுக்கள் அங்கே இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971-ல் கண்டார். 2014-ல் மோசர் தம்பதியரோடு நோபல் பரிசு பெற்றார். இந்த அணுக்கள் தீட்டா அலையோடு முறை வைத்துத் துடிக்கின்றன என்பது 1993-ல் தெரியவந்தது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறிமாறி உலக்கை போடும்போது, தாளம் தப்பாததால்தான் உலக்கைகள் மோதுவதில்லை. அப்படியே நினைவுகளும் ஒன்றோடொன்று மோதாமல் வரிசைப்பட இத்தாளம் உதவுகிறது என்று அறிஞர் கருதுகின்றனர்.

தியானத்திலும் தீட்டா கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மனக்கணக்குப் போடுகிறவனுக்கும் அதே அலை எழும்புவதால், ஒருவருடைய ஜெபத்தின் ஆழத்தை இக்கருவியால் அளக்க முடியாது. "தீட்டா இசை" கேட்டால் பிள்ளைகளின் ஞாபகசக்தி பெருகும் என்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளுக்கும் உறுதியான சான்று இல்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

நன்றாக விழித்திருக்கும் பெரியவருக்கு, ஒரே இடத்தில் விடாமல் தீட்டா தெரிந்தால் மருத்துவர் கவனிப்பார். அங்கே காயமோ, கட்டியோ, இரத்த ஓட்டக் குறைவோ இருக்கலாம். மூளை முழுவதும் அலை மந்தப்பட்டால் கிருமித் தொற்று, ஈரல் கோளாறு, மறதி நோய் போன்றவற்றை ஆராய்வார். வலிப்பு நோய்க்கு முக்கிய அடையாளம் தீட்டா அல்ல, ஈட்டி முனை போன்ற கூர்மையான அலைகள். பதிவு சரியாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கக்கூடும். நோயாளியின் வரலாற்றைக் கேட்டே மருத்துவர் முடிவு செய்வார்.

இந்த ஞானம் நம் நாட்டில் வேரூன்றியதில் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு. பஹ்ரைன் மிஷன் மருத்துவமனையில் ஊழியம் செய்து, கனடாவின் மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1952-ல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையும் அங்கே நடந்தது. மூளை அலைப் பதிவில் தேர்ந்த டாக்டர் பல்தேவ் சிங் அவருக்குத் துணை நின்றார்.

ஆனாலும் நம் கிராமங்களில் பயம் இன்னும் நீங்கவில்லை. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். பெண் பிள்ளையானால் நோயையே மறைக்கிறார்கள். முன்பு இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, வீடுகள் திருந்த வேண்டும். வலிப்பு மூளையின் நோய், பேயுமல்ல, சாபமுமல்ல. பெரும்பாலோருக்கு மாத்திரையாலேயே அடங்கும்.

உங்கள் சபையிலும் தெருவிலும் இவற்றைச் சொல்லுங்கள். வலிப்பு வந்தவரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இ.இ.ஜி.க்குப் போகிறவர் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் போகட்டும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இதற்காகத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகும் கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் பெரிய பாரம். மாதந்தோறும் மாத்திரை வாங்குவது அதைவிடப் பாரம். நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்தப் பாரத்தைக் குறைக்கும். அதைவிட மேலாக, வலிப்புள்ள ஒரு பிள்ளையைப் பயமின்றி உங்கள் அருகில் உட்கார வைத்தீர்களானால், அதுவே நாங்கள் கேட்கும் முதல் காணிக்கை.

ஊழியத்தில் உங்களுடன்,
மருத்துவமனைக் குருவானவர்