பரணில் உறங்கும் பண்டிகைப் பொருள்கள்

பண்டிகை நெருங்கியதும் நம் கண் முதலிற் செல்லும் இடம் வீட்டுப் பரண். நவராத்திரிக்குரிய கொலுப் பொம்மைகள், நத்தாருக்குரிய நட்சத்திர விளக்கு, வெசாக் நாளில் அயலவரோடு கூடி ஏற்றும் மின்விளக்குச் சரம் யாவும் ஆண்டிற் சில நாட்களே நம்மோடு கூடியிருந்து, எஞ்சிய நாட்களை அங்கேயே கழிக்கின்றன. ஆவலோடு பெட்டியைத் திறக்கும்போது கிழிந்த பட்டுத் துணியும், கறுத்த புழுக்கைகளும், மூக்கைத் துளைக்கும் நாற்றமும் நம்மை வரவேற்றால் எப்படியிருக்கும்? அந்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு.

இதனைத் தெல்தெனியவை நினைவிற் கொண்டு பேச விரும்புகின்றேன். கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் அது. மகாவலியை மறித்துக் கட்டிய விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமுள்ள அவ்வணை தேக்கிய நீரில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. புதிய நகரம் மேட்டிலே எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரின் இடிபாடுகள் தலைகாட்டுவதுண்டு. ஊர் மாறுகின்றவர்கள் முற்றத்தையும் மரத்தையும் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. பெட்டியில் அடங்குபவையே கூட வரும். அத்தகைய ஊரில், பாட்டி காலத்துப் பொம்மையொன்று வெறும் அலங்காரப் பொருள் அன்று. அது பழுதானால் அதற்கு ஈடானதைக் கடையில் வாங்க முடியாது.

எலி நம் பண்டிகைப் பெட்டியை ஏன் நாடுகிறது? அதற்கு வேண்டியவை மூன்று: உணவு, கூடு கட்டும் பொருள், எவரும் தொந்தரவு செய்யாத இருட்டு. இம்மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுப்பவர்கள் நாமே. வெசாக் கூட்டின் மூங்கிற் சிம்பில் தாளை ஒட்டக் கோதுமை மாப்பசையைக் காய்ச்சுகின்றோம். எலிக்கு அது உணவு. கொலுப்படியிற் படைத்த அவலும் கடலையும் விரிப்பின் மடிப்பிற் சிந்திக் கிடக்கின்றன, அவையும் உணவு. பொம்மை உடையாதிருக்கப் பழந்துணியும் பத்திரிகைத் தாளும் சுற்றுகின்றோம். எலி குஞ்சு பொரிக்க, அதாவது குட்டி ஈன, அதனைவிட மெத்தென்ற படுக்கை வேறில்லை. பின்னர் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுப் பதினொரு மாதம் மறந்துவிடுகின்றோம்.

எலி சினையுற்று ஏறக்குறைய மூன்று வாரங்களில் குட்டி ஈனும். அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதங்களிலேயே இனம் பெருக்கத் தொடங்கும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. கொறிப்பதனால் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. ஆதலால் மரமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் எலிக்குத் தடையல்ல. தோட்டப்புற வீடுகளில் ஒரு காலத்தில் பழைய தேயிலைப் பெட்டிகளிற் பொருள்களை வைப்பது வழக்கம். அவற்றின் ஓரங்களில் தகரம் அடித்திருந்தாலும் பலகைப் பக்கத்தை எலி துளைத்துவிடும்.

ஆகவே பாதுகாப்பைத் தொடங்க வேண்டிய நாள் பெட்டியைத் திறக்கும் நாளன்று. அலங்காரத்தைக் கழற்றும் நாளே. விசயதசமி முடிந்ததும் பொம்மைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து, விரிப்புகளை உதறித் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தோடு மூடினால் எலிக்கு முன்னே பூஞ்சணம் வந்துவிடும். பசை தடவிய கடதாசிக் கூடுகளைச் சேமிக்க வேண்டாம். மூங்கிற் சட்டத்தை மட்டும் கழுவி வைத்து, அடுத்த ஆண்டு புதுத்தாள் ஒட்டுவதே சிக்கனம்.

வைக்கும் பாத்திரம் உலோகமாக இருப்பது சிறப்பு. இறுக மூடும் பெரிய பிஸ்கட் பேணியோ, தகரப் பெட்டியோ போதும். தடித்த பிளாஸ்டிக் பெட்டிதான் கிடைக்குமெனின், அதனைத் தரையிலோ சுவரோடோ ஒட்டி வைக்காமல், சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும் இடம் விட்டுத் தட்டின்மேல் வையுங்கள். நப்தலீன் என்னும் பூச்சியுருண்டைகளை நம்பாதீர்கள். அவை எலியை விரட்டும் ஆற்றல் உள்ளவை அல்ல. சிறு குழந்தைகள் விழுங்கினாலோ பேராபத்து.

அடுத்தது வீடு. சுண்டெலி நுழைய 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும். ஒரு பென்சில் புகும் துவாரம் அதற்கு வாசல். பெரிய எலிக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வாய்களை 6 மில்லிமீற்றருக்கு மிகாத கண்ணுள்ள கம்பிவலையால் அடையுங்கள். குழாய் நுழையும் துவாரங்களில் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளைத் திணித்து, மேலே சீமெந்து பூசுங்கள். கண்டிச் சீமையில் பலாவும் தென்னையும் கூரையைத் தழுவி நிற்பது அழகுதான். ஆயினும் கூரையெலி மரமேறுவதில் வல்லது. அக்கிளையே அதற்குப் பாலம். கூரையிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் விலகும்படி கிளைகளை வெட்டிவிடுங்கள். வயலில் அறுவடை முடிந்து உணவு அருகும் காலத்தில் எலிகள் வீட்டை நாடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

உள்ளே புகுந்துவிட்ட எலியை என்செய்வது? எலி திறந்த வெளியைத் தவிர்த்துச் சுவரோரமாகவே ஓடும். பொறியைச் சுவரோரம், இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ நல்ல இரை. புதிய பொருளைக் கண்டு எலி ஐயுறும். எனவே முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். நஞ்சிடுவது எளிது போலத் தோன்றும். ஆனால் நஞ்சுண்ட எலி கூரையினுள் செத்து அழுகும்; அதனைத் தின்னும் பூனையும் ஆந்தையும் மடியக்கூடும்; குழந்தையின் கைக்கும் அது எட்டலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாய் அது முடிந்துவிடலாகாது.

இனி உடல்நலம் பற்றி ஒரு சொல். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 2008ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 7000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. எலி கெடுத்த பெட்டியை வெறுங்கையாற் கிளறாதீர்கள். புழுக்கையைத் துடைப்பத்தாற் பெருக்கித் தூசி கிளப்பவும் வேண்டாம். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்திற்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறிய பின் துடைத்தெடுங்கள். பின்னர் காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் சென்று, எலி பட்ட பொருளைத் தொட்டதையும் கூறுங்கள்.

மின்விளக்குச் சரத்தை மாட்டுமுன் அதன் கம்பியை முழுநீளமும் பகலொளியிற் பாருங்கள். உறை கடிபட்டிருந்தால் நாடாச் சுற்றி ஒப்பேற்றாமல் அச்சரத்தை எறிந்துவிடுங்கள். ஈரமான முற்றத்தில் மின்சாரம் இரண்டாவது வாய்ப்புத் தராது.

நேயர்களே, இவற்றில் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. விளக்கைக் கழற்றும் நாளில் ஒரு பிற்பகலும், மூன்று மாதத்திற்கொருமுறை பெட்டியை இறக்கிப் பார்க்கும் பழக்கமும் போதும். அவ்வாறு பார்க்கும்போது பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தப் பொம்மை யார் வாங்கியது, எந்த வீட்டில் முதலில் வைத்தது என்று சொல்லிக்கொண்டே துடைத்து வையுங்கள். மறக்கப்படாத பெட்டியில் எலி குடியேறுவதில்லை.