பழைய தமிழ்ச் சித்திரக்கதை இதழ்கள்: செப்பனிடுதலும் நிலைகாத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் 1970, 1980களில் வெளிவந்த சித்திரக்கதை இதழ்கள் இன்று தனியார் சேகரிப்புகளிலும் நூலகங்களிலும் நொறுங்கும் நிலையை எட்டியுள்ளன. அவற்றைப் புதிதுபோல் செப்பனிடுவதா, உள்ள நிலையிலேயே மேலும் சிதையாமல் காப்பதா என்னும் வினா சேகரிப்பாளருக்கு விலை சார்ந்தது. ஆய்வாளருக்குச் சான்று சார்ந்தது. தமிழ்ப் பதிப்பியல் மரபு சிதைந்த பாடத்தைக் கையாண்ட முறை இவ்வினாவுக்கு ஓர் அளவுகோலைத் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, முத்து காமிக்ஸ், செப்பனிடல், நிலைகாப்பு, பதிப்பியல், சான்று.

முன்னுரை

இக்கட்டுரையாளர் தம் ஆய்வின் பொருட்டு ஒரு நூலகத்தில் சித்திரக்கதை இதழ்களின் கட்டுத் தொகுதி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. பன்னிரண்டு இதழ்கள் ஒரே அட்டைக்குள் உறுதியாகக் கட்டப்பட்டிருந்தன. ஓரங்கள் சீராக வெட்டப்பட்டிருந்தன. கதைப் பக்கங்கள் அனைத்தும் இருந்தன. ஆனால் இதழ்களின் அட்டைகளும், வாசகர் கடிதப் பக்கங்களும், விளம்பரங்களும் 'கிழிந்தவை' என்று நீக்கப்பட்டிருந்தன. எந்த இதழ் எந்த மாதத்தது என்று அறிய வழியில்லை. மொழிபெயர்ப்பில் பெயர்கள் மாற்றப்பட்டதை வாசகர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்று தேடிச் சென்றவருக்கு, அதற்கான விடை இருந்திருக்கக்கூடிய பக்கங்களே அங்கு இல்லை. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. தூய்மையான, கையாளத்தக்க தொகுதியாக்குவதே செப்பனிடல் எனக் கட்டியவர் கருதியிருக்கிறார். இழப்பு நேர்ந்தது அக்கருத்தினால்தான்.

எது தனித்தது?

1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த 'இரும்புக்கை மாயாவி' தமிழுக்கு உரிய படைப்பன்று. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962 முதல் வெளிவந்த தொடரின் தமிழாக்கம் அது. படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைசியையும், அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டையும் முன்னிறுத்தி வந்தன. இவற்றின் மூல ஓவியங்கள் ஆங்கில வெளியீடுகளில் உள்ளன. அண்மைக் காலத்தில் தொகுப்புகளாகவும் மறுபதிப்பாகியுள்ளன. தமிழிலும் பழைய கதைகள் பல மறுபதிப்புப் பெற்றுள்ளன. ஆகவே ஒரு பழைய இதழின் படக்கட்டங்கள் அழிந்தாலும் படம் அழிந்துவிடுவதில்லை.

அவ்விதழில் மட்டுமே இருப்பவை வேறு. முதல் தமிழாக்கத்தின் சொற்கள், உரையாடற் குமிழுக்குள் தமிழ் எழுத்தை அடக்க அன்று கையாண்ட உத்திகள், குமிழ் போதாதபோது வெட்டப்பட்ட வாக்கியங்கள், ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டு அறிவிப்பு, விலை, முகவர் விவரம் ஆகியவை அவை. இவற்றோடு அச்சகத்தை விட்டு வெளியேறிய பின் அப்படியில் ஏறியவையும் சேரும்: வாடகை நூல்நிலையத்தின் முத்திரை, 'ஒரு நாளைக்கு' என்று பென்சிலால் குறித்த கட்டணம், சிறுவன் ஒருவன் எழுதிய தன் பெயரும் வகுப்பும், கருப்பு வெள்ளைப் படத்துக்கு அவன் தீட்டிய வண்ணம். சேகரிப்புச் சந்தை இவற்றைக் குறைகள் என்கிறது. தமிழ் வாசிப்பு வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு, வாடகைக்கு எடுத்துப் படித்த ஒரு தலைமுறை விட்டுச்சென்ற நேரடித் தடயங்களுள் இவை முதன்மையானவை.

அமெரிக்கச் சந்தை இவ்விடத்தில் ஓர் ஒப்பீடாகப் பயன்படும். அங்கு 2000இல் தொடங்கப்பட்ட சி.ஜி.சி. என்னும் தரச்சான்று நிறுவனம் இதழ்களைப் பத்து வரையிலான அளவில் மதிப்பிட்டு உறையிட்டுத் தருகிறது. வண்ணம் தீட்டியோ துண்டு ஒட்டியோ செப்பனிடப்பட்ட படிக்கு ஊதா நிறச் சீட்டு. அவ்வூதாச் சீட்டு பெற்ற படி, அதே தோற்றமுள்ள செப்பனிடாத படியைவிடப் பெரிதும் குறைந்த விலைக்கே போகும். தொழில்முறைச் சேகரிப்பாளரே செப்பனிடலை ஐயத்தோடு பார்க்கின்றனர் என்பது இதனால் விளங்கும். எனினும் அவர்களது அளவுகோலை நாம் அப்படியே ஏற்க இயலாது. அவர்கள் காக்க விரும்புவது அச்சகத்திலிருந்து வந்த முதல்நாள் நிலையை. மேற்சொன்ன முத்திரையும் கையெழுத்தும் அவர்களுக்கும் குறைகளே.

தாளின் இயல்பு

செப்பனிட்டால் பழைய நிலை மீளும் என்னும் நம்பிக்கை வேதியியல் அடிப்படையில் பிழையானது. இவ்விதழ்கள் பெரும்பாலும் செய்தித்தாள் வகைத் தாளில் அச்சானவை. மரத்தை இயந்திரத்தால் அரைத்து ஆக்கும் கூழில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட அது பழுப்பேறுகிறது. உடன் அமிலங்களும் தோன்றுகின்றன. அவ்வமிலம், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, தாளுக்கு வலுத்தரும் செல்லுலோஸ் இழைகளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுபடுத்துகிறது. பழுப்பு கண்ணுக்குத் தெரியும். சங்கிலி அறுவது பக்கத்தை மடிக்கும்போது மட்டுமே தெரியும்.

கால்சியம் அல்லது மக்னீசியச் சேர்மங்களைக் கொண்டு செய்யும் அமிலநீக்கம் இருக்கும் அமிலத்தை நடுநிலையாக்கி, மேலும் அறுபடுவதை மந்தப்படுத்தும். அறுந்ததை அது ஒட்டாது, பழுப்பையும் போக்காது. பழுப்பைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் வெளுப்பவர் உண்டு. தாள் வெளுக்கும், இழை மேலும் நலியும். தோற்றத்துக்காக ஆயுளைக் கொடுக்கும் இச்செயலே செப்பனிடலுக்கும் நிலைகாப்புக்கும் உள்ள முரணைத் தெளிவாகக் காட்டுவது.

நம்மிடையே மிகுதியாக நிகழும் கேடு செல்லோடேப்பினால் வருவது. ரப்பர் அடிப்படையிலான அதன் பசை தொடக்கத்தில் தாளின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இளகி இழைகளுக்குள் ஊறும். பின்னர் ஆக்சிசனேற்றத்தால் பழுப்பாகி இறுகும். இறுதியில் மேல்நாடா தானாக உதிர்ந்துவிடும், கறை நிலைத்துவிடும். (பள்ளிப் பருவத்தில் இக்கட்டுரையாளரும் இதைச் செய்தவரே, அக்கறைகளைக் கொண்டே நாடாவின் நீளத்தை இன்றும் அளக்கலாம்.) கடைகளில் செய்யும் சூட்டு லேமினேஷன் இதனினும் கொடியது. ஆவணக் காப்பகங்களிலேயே ஒரு காலத்தில் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தால் ஆவணங்களை மூடும் முறை பரவலாக இருந்தது. அதை மீட்டெடுப்பது கடினம் என்பதனாலும், படலமே காலப்போக்கில் சிதைவதனாலும் அது கைவிடப்பட்டு வருகிறது. ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காத்த மரபை நினைத்துத் தாளுக்கும் அவ்வாறு செய்யலாகாது. ஓலைக்கு நெகிழ்வு தரும் எண்ணெய் தாளில் கறையாகும்.

இதழின் முதுகிலுள்ள கம்பி துருப்பிடிப்பது நம் தட்பவெப்பத்தில் தவிர்க்கவியலாதது. துருவின் இரும்பு சுற்றியுள்ள தாளின் சிதைவை விரைவுபடுத்தும். எனவே கம்பியை அகற்றுவது தோற்றத்துக்கான செயலன்று, நிலைகாப்பே ஆகும்.

பதிப்பியல் தரும் அளவுகோல்

இத்தாலிய அறிஞர் செசாரே பிராந்தி 1963இல் வெளியிட்ட செப்பனிடல் கோட்பாட்டு நூலில், நிரப்பப்பட்ட பகுதி நெருங்கிப் பார்த்தால் நிரப்பப்பட்டதெனத் தெரியவேண்டும் என வலியுறுத்தினார். உரோம் நகரில் அவர் இயக்குநராக இருந்த நடுவண் செப்பனிடல் நிறுவனத்தில், ஓவியத்தின் சிதைந்த இடங்களை நுண்ணிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை உருவானது. தொலைவில் நிற்பவர்க்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். அருகில் வருபவர்க்கு எது மூலம், எது பின்னாளையது என்பது விளங்கும்.

தமிழாய்வாளர்க்கு இது புதிய செய்தியன்று. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் எண்களை நெருக்கி அவ்விடைவெளியை மறைக்கவில்லை. தாமே இரு பாடல் இயற்றி நிரப்பவுமில்லை. ஐங்குறுநூற்றின் 129, 130ஆம் இடங்களும் அவ்வாறே வெறுமையாக விடப்பட்டன. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டனர். உய்த்துணர்ந்த பாடத்தை அடிக்குறிப்பில் வைத்தனர். இடையில் ஒருவர் குறிப்பின்றிச் சேர்த்ததை இடைச்செருகல் என்று பெயரிட்டு விலக்கினோம்.

சித்திரக்கதை இதழின் அட்டையில் உதிர்ந்துபோன மூலையை வண்ண மையால் தீட்டி, இருந்தது போலவே காட்டுவது இடைச்செருகலே. அதே மூலைக்குப் பின்னால் வெளிர்நிறத் திசுத்தாள் ஒன்றை ஒட்டி வலுவூட்டுவது புள்ளியிட்டு விடுவதற்கு ஒப்பானது. முன்னது படியைப் பற்றிப் பொய் கூறுகிறது. பின்னது அதன் இழப்பைச் சொல்லிக்கொண்டே அதைத் தாங்குகிறது.

ஒரு படியின் முன்

பழைய புத்தகக் கடையில் கிடைத்த 1980களின் இதழ் ஒன்று மேசையில் இருப்பதாகக் கொள்வோம். பின்னட்டை தளர்ந்துள்ளது, கம்பி துருவேறியுள்ளது, நடுப்பக்கம் இரண்டாகக் கிழிந்துள்ளது, முதற்பக்கத்தில் நூல்நிலைய முத்திரை உள்ளது.

எதையும் தொடுமுன் அட்டை முதல் அட்டை வரை, விளம்பரமும் வெற்றுப்பக்கமும் உட்பட, வண்ணத்தில் மின்வருட வேண்டும். கருப்பு வெள்ளைப் பக்கம்தானே என்று கருப்பு வெள்ளையில் வருடினால் மையும் பென்சிலும் துருவும் ஒன்றாகிவிடும். தோற்றத்தைச் செம்மைப்படுத்தும் ஆசை இருப்பின் அதை மின்படியின் நகலொன்றில் தீர்த்துக்கொள்ளலாம். தாளில் செய்யும் செப்பனிடலுக்கு முன்பிருந்த நியாயங்களுள் பெரும்பகுதி இதனாலேயே இன்று வலுவிழந்துவிட்டது. ஆனால் செம்மைப்படுத்தாத மின்படியும் உடன் இருக்கவேண்டும்.

பிறகு கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்து, பழைய துளைகளின் வழியே பருத்தி அல்லது லினன் நூலால் தைக்கலாம். நடுப்பக்கக் கிழிவை ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை ஸ்டார்ச்சுப் பசையும் கொண்டு இணைக்கலாம். ஈரம் மிகையாகிவிடும் என்று அஞ்சினால் மெத்தில் செல்லுலோஸ் பசை ஏற்றது. இரண்டும் நீரால் மீண்டும் நெகிழ்பவை. நாளை நம்மினும் நன்கறிந்தவர் ஒருவர் இதை மாற்ற விரும்பினால் மாற்றமுடியும். அமிலநீக்கத்தை அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க இயலாது. அட்டை மையும் முத்திரை மையும் நீரில் கலங்கக்கூடும்; சோதித்துப் பார்க்கும் பயிற்சி உள்ளவரிடமே அதை ஒப்படைக்கவேண்டும். முத்திரையை அழிப்பது குறித்து விவாதிக்கவே தேவையில்லை.

காக்கும் உறையிலும் கவனம் வேண்டும். பி.வி.சி. உறை மென்மையூட்டிகளை உமிழ்ந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் ஏற்றவை. ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும். மாநிலத்தின் பல ஊர்களில் மழைக்காலம் முழுவதும் அதுவே நிலை என்பதால், சிறுநூலகங்களுக்கு நாம் கூறத்தக்க பயனுள்ள அறிவுரை செப்பனிடலைப் பற்றியதன்று. வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்கவேண்டாம் என்பதே.

செய்தவை அனைத்தையும் நாளுடன் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைக்கவேண்டும். அகற்றிய கம்பியையும் சிறு தாளுறையில் இடலாம்.

எஞ்சுவது கட்டுத் தொகுதிகளைப் பற்றிய ஐயம். வார இதழ்த் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துக் கட்டிவைத்த அதே பழக்கத்தில் சித்திரக்கதைகளையும் கட்டுவித்த குடும்பங்கள் பல. சேகரிப்பாளர்கள் இத்தொகுதிகளை வாங்கி, பிரித்து, தனி இதழ்களாக விற்கின்றனர். எவ்விதழ்கள் எவற்றோடு, எவ்வரிசையில் ஒரு வீட்டில் படிக்கப்பட்டன என்பதைக் கட்டு மட்டுமே சொல்லும் என்பதால், பக்கங்களைத் திறக்க இயலாதபடி அது இறுகியிருந்தாலன்றி அதைப் பிரிக்கலாகாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பிரித்தே தீரவேண்டுமெனில், முதுகுத்தோலில் பொன்னெழுத்தில் பொறித்த பெயரோடு மேலட்டையும் அந்த இதழ்களுடன் ஒரே பெட்டியில் இருக்கட்டும்.