விதையின் காவலும் வீட்டுக்குள் வரும் விஷமும்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் அமைந்த கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவக் கிராமங்களில், பருவமழையால் தொழில் நின்றுபோகும் நாட்களுக்கென்று பச்சைப்பயறும் காராமணியும் சேமித்து வைக்கும் இல்லங்களுக்குப் பெரிய உபத்திரவம் பயறு வண்டு. தோலின்மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிய முட்டையினின்று வெளிப்படும் புழு, உள்ளே துளைத்துத் தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியேற, எஞ்சுவது உளுத்த பயறே. ஏரிக்காற்றின் ஈரம் அதன் விருத்திக்கு அனுகூலமானது.

இப்பகைக்கு எதிராக இயற்கையே சில விதைகளுக்குப் புரதங்களாலான காவலை அளித்திருக்கிறது. பீன்ஸ் விதையிலுள்ள ஒரு புரதம், புழுவின் குடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, உணவின் நடுவிலேயே அதைப் பட்டினி போடுகிறது. மெக்சிகோவின் காட்டு பீன்ஸில் காணப்படும் ஆர்சலின் என்ற புரதமும் அவ்வாறே வண்டினத்தை வளரவிடுவதில்லை. ஆயினும், நொதியைத் தடுக்கும் அப்புரதத்தை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பட்டாணியில் ஏற்றியபோது, அதைத் தின்ற எலிகளிடம் ஒவ்வாமைக் குறிகள் தோன்றியதால், 2005ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. நாம் உண்ணும் சாதாரணப் பயற்றிலோ இக்காவல் வண்டைத் தடுக்கப் போதுமானதன்று.

அக்குறையை ஈடுசெய்ய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பயறு டப்பாவில் போடுவது மகா விபரீதம். காற்றிலுள்ள ஈரம் பட்ட மாத்திரத்தில் அது பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவைக் கக்கும். அதற்கு மாற்றுமருந்து கிடையாது. அரசு நிறுவனங்களுக்கும், அரசு நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக்கட்டுப்பாட்டாளருக்கும் அன்றி வேறு எவருக்கும் அதை விற்பதற்கு அனுமதி இல்லை. தவறி எவரேனும் சுவாசித்துவிட்டால், உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்க வேண்டும்.

நிவாரணம் எளியது. பயற்றை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, ஆறியபின், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் பிசறி, காற்றுப் புகாத தகர டப்பாவில் மூடி வைத்தால், எண்ணெய்ப் பூச்சில் முட்டைகள் மூச்சடைத்து மடியும்.

கடையில் வாங்கும் பயற்றைப் பொறுத்தவரை, வண்டு விழுந்த உணவுப் பொருளைப் பாதுகாப்பற்றதென்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. ஆகையால் அதை மறுத்துத் திருப்பித் தருவது நுகர்வோரின் உரிமையே அன்றிக் கடைக்காரரின் தயவு அன்று. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நியாயவிலைக் கடை பற்றிய முறையீட்டுக்கு 1967ஐயும், பிற கடைகளுக்கு 1915ஐயும் தயங்காமல் அழையுங்கள்.