கணினி கேட்கும் அனுமதி

வீட்டுக் கணினியில் புதிய நிரலை நிறுவும்போது திரை மங்கி, அனுமதி கேட்கும் கேள்வி எழுவதைக் கண்டிருப்பீர்கள். இதனை நிறுத்திவிடலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இம்முறை 2007-இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் வந்தது. கணினியின் நிர்வாகி நீங்களே ஆனாலும், நீங்கள் இயக்கும் நிரல்கள் பொதுவாகச் சாதாரண உரிமையுடனேயே இயங்குகின்றன. கணினியின் அமைப்பையே மாற்றவல்ல முழு உரிமை வேண்டுமெனில், அவை உங்களைக் கேட்க வேண்டும். திரை மங்குவதும் வீணன்று. அவ்வேளையில் பிற நிரல்கள் உங்களுக்குப் பதிலாக 'ஆம்' என அழுத்த இயலாது.

விஸ்டாவில் கேள்விகள் மிகுந்தமையால் சலிப்பும் மிகுந்தது. ஆகவே 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் அவை குறைக்கப்பட்டன. படிக்காமலே 'ஆம்' என்றால் காவல் இருந்தும் பயனில்லை அன்றோ? நீங்கள் எதையும் தொடங்காதபோது கேள்வி எழுந்தால், 'இல்லை' என்பதே சரியான விடை.